பொய்லர் வழக்கு

கிர்ஷன்ஃபெல்ட் பக்கம் கொடிகள் அதிகம்.
கொடிக்குக் கீழே ஒரு நாடு,
நாட்டுக்குக் கீழே நிலவறை,
நிலவறையில் வயதுபோன பொய்லர்.
அதற்கும் கீழே, முந்தின மாசியில்,
முதுகு நனைய நான் கிடந்தேன்.

எந்த நாடு என்று சொல்லமாட்டேன்.
மூன்று நாள் வேலை. புதுப் பம்ப், இரண்டு வால்வு,
ஸ்டுட்கார்ட்டிலிருந்து வரவழைத்த எரியூட்டி.
பதினோராயிரத்து நானூற்று எண்பது பிராங்.
மேலே தூதரின் மனைவி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து
"ஆ" என்றார்.
அந்த ஓரெழுத்துத்தான்
இன்றுவரை கைக்கு வந்த கொடுப்பனவு.

முதல் நினைவூட்டலுக்குப் பதில் இல்லை.
இரண்டாவதற்கும் இல்லை.
மூன்றாவதற்கு, தொட்டால் தடிப்பான தாளில் வந்தது:
நாங்கள் இறைமையுள்ள அரசு,
இன்னோர் அரசின் நீதிமன்றத்துக்குக்
கட்டுப்பட்டவர்கள் அல்லர்.
கீழே தங்க நிறத்தில் ஒரு கழுகு.
சேவலாகவும் இருக்கலாம்.

வழக்கறிஞர் ரெகுலா எஷ்பாகர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.
அரசுக்கு இரண்டு உடுப்பு, என்றார்.
ஒன்று செங்கோல் பிடிக்க,
மற்றது சந்தைக்குப் போக.
சந்தை உடுப்பில் வந்தால் பிடிக்கலாம்.
பொய்லர் திருத்துவிப்பது சந்தை.

பற்றுச்சீட்டை நீட்டியபோது
என் இடது கையைப் பார்த்தார்.
நடுவிரலும் மோதிரவிரலும்
ஒரே பக்கம் சரிந்து நிற்கும்.
"வேலையிலா?"
இல்லை. வேறோர் அரசு. தொண்ணூற்றேழு.
ஒரு மேசை, மேசையில் ஒரு லாச்சி.
இதற்கும் வழக்கு வைக்கலாமா?
கேட்க நினைத்து வரவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் பேனாவை மூடினார். திறந்தார்.
வெளியே ஆறாம் நம்பர் டிராம் போய் முடியும்வரை
பேசவில்லை.
"அது... செங்கோல்" என்றார்.

டிராமில் வரும்போது யோசித்தேன்:
அந்த மேசையைச் செய்த தச்சனுக்குக்
கூலி பாக்கி இருந்தால் அவன் வழக்காடலாம்.
லாச்சிக்குள் விரல் இருந்தவன்
ஆடக்கூடாது.

எட்டு மாதம்.
எதிராளியின் நாற்காலியில்
ஓர் அரசு வராமல் இருந்தது.
நீதிபதிக்குத் தடிமன். மூக்கைத் துடைத்துத் துடைத்து
வெந்நீர் என்பது வணிகமே என்று வாசித்தார்.
வென்றோம். எஷ்பாகர் கோப்பி வாங்கித் தந்தார்.
தீர்ப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
வானின் முன்சீட்டில் வைத்து, சீட்பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

கடன் அறவிடும் அலுவலகத்தில்
ட்ஸும்ஸ்டைன் என்பவர் ஒரு பட்டியலில் விரலை ஓட்டினார்.
வங்கிக் கணக்கு: தூதரகப் பணிக்கு உரியது, தொடமுடியாது.
கட்டடம், முடியாது.
கறுப்புக் காரா? அதுவும் இல்லை.
பொய்லர்? நானாகக் கேட்டேன்.
கட்டடத்தோடு சேர்த்தி, என்றார், உண்மையான வருத்தத்தோடு.
அரசன் அன்று கொல்லுமாம்.
கடன் மட்டும்
நின்றும் தராது.

இந்தத் தையில், சைபருக்குக் கீழே ஒன்பது.
இரவு ஏழேகாலுக்குத் தொலைபேசி.
இளம் குரல், வேலைக்குப் புதிது போல.
தூதரகத்திலிருந்து பேசுகிறேன், பொய்லர் நின்றுவிட்டது,
அதில் உங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.
பல் கிடுகிடுப்பது எனக்குக் கேட்டது.
எந்த உடுப்பில் பேசுகிறீர்கள், என்றேன்.
"கோட்டுப் போட்டிருக்கிறேன், ஐயா. இரண்டு."

அவளில் பிழையில்லை.
பழைய காசும் புதுக் காசும் முதலில் வரட்டும்,
மேலே கேட்டுச் சொல்லுங்கள், என்றேன்.
கொஞ்சம் பொறுங்கள், என்றாள்.

பிறகு இசை. மேளமும் எக்காளமுமாக.
அவர்களுடைய தேசிய கீதமாகத்தான் இருக்கவேண்டும்.
மூன்றாம் தரம் சுற்றி வருகிறது.
குளிருக்கு முதலில் விறைப்பவை அந்த இரண்டு விரல்களும்தான்;
அவற்றைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு
இருந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
எழும்பவில்லை.